நொய் வெந்த பிறகே மாவு

ஆந்திரத்தின் புத்தூருக்குப் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டில் இன்றும் விறகடுப்பில்தான் களி வேகிறது. தெலுங்கில் சங்கடி என்பார்கள். அடி கனத்த குண்டானில் தண்ணீர் கொதித்ததும் முதலில் நொய்யைப் போடுவாள். அது குழைய வெந்த பிறகுதான் கேழ்வரகு மாவு. மாவைக் குவியலாகக் கொட்டிவிட்டு உடனே கிளற மாட்டாள். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளை போட்டு, மூடி வைத்து, தீயைத் தணிப்பாள். கொதிநீர் அந்தத் துளை வழியாக ஏறி மாவை உள்ளிருந்து வேகவைக்கும். அப்புறம்தான் இறக்கி வைத்துக் கிண்டுவது. வெந்ததா என்று பார்க்க ஈர விரலால் தொடுவாள். விரலில் ஒட்டாவிட்டால் பதம்.

சில வருடங்களுக்கு முன் பெரியம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. உடம்பெல்லாம் அசதி என்று ஊசி போட்டுக்கொண்டாள், சத்து மாத்திரை விழுங்கினாள். கடைசியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓர் இளம்பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். கடந்த இரண்டு வாரங்களில் செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்ததாக உணர்ந்தீர்களா? அச்சிட்ட தமிழ். பெரியம்மா யோசித்தாள். "மகிழ்ச்சியா? எனக்கு என்னாத்துக்கு கண்ணு அதெல்லாம்? பசங்க நல்லா இருந்தா போதும்." படிவத்தில் சுழியம் விழுந்தது. எல்லாக் கேள்விக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். மனத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாலு மாசமா மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட மனசு வரல. வாசல்ல கோலம் போட்டு எத்தினி நாளாச்சு. நெஞ்சுக்குள்ள ஒரே பெங்க."

பெங்க என்பது தெலுங்குச் சொல். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் வாயில் அது நம் சொல்லாகவே புழங்குகிறது. தாயை விட்டுப் பிரிந்த குழந்தைக்கு வருவது பெங்க. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த ஊர் நினைப்பில் வருவது பெங்க. ஏக்கமும் கவலையும் சோர்வும் கலந்து, உடம்பிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒன்று. அந்தப் படிவத்தில் பெங்கவுக்கு இடமில்லை. கேட்ட பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் கையில் கொடுத்ததைப் படித்தாள். கொடுத்தவர்கள் நொய் வேகும் முன்னே மாவைக் கொட்டிவிட்டார்கள்.

ஓர் ஊரில் உருவான மனநல சிகிச்சையை இன்னோர் ஊருக்கு ஏற்றதாக மாற்றுவதை ஆய்வாளர்கள் பண்பாட்டுத் தகவமைப்பு என்கிறார்கள். பெரிய பெயர்தான். ஆனால் வேலை அடுப்படி வேலை. அது எப்படி நடக்கிறது என்பதைப் பெரியம்மாவின் குண்டானை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

தீ எது, விறகு எது?

களிக்கு மாற்றக் கூடாதது வேக்காடு. விறகுக்குப் பதில் கேஸ் வைக்கலாம், நொய்க்குப் பதில் சாமை போடலாம், உருண்டையைச் சிறிதாக்கலாம். வேகாமல் மட்டும் விடக் கூடாது. சிகிச்சையை மாற்ற உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்: இதில் நோயைக் குணமாக்கும் தீ எது?

மனச்சோர்வுக்கான ஒரு சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். மனம் சோர்ந்தால் மனிதர் ஒதுங்குகிறார். ஒதுங்கினால் வாழ்க்கையில் கிடைக்கும் சிறு சிறு நிறைவுகளும் நின்றுபோகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது, இன்னும் ஒதுங்குகிறார். இது ஒரு செக்கு. மனம் தெளிந்த பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருந்தால் செக்கு நிற்காது. மனம் வராவிட்டாலும் சின்னதாக ஒரு செயலை, முன்கூட்டியே நாள் குறித்து, செய்துவிட வேண்டும். செயல் முன்னே போனால் மனம் பின்னால் வரும். இந்தச் சிகிச்சையின் தீ அவ்வளவுதான். செயலூக்கச் சிகிச்சை என்று பெயர்.

மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் தொண்டு அமைப்பும் கோவாவில் இதை எடுத்து மாற்றினார்கள். மனநல மருத்துவத்தில் எந்தப் பயிற்சியும் முன்பு பெறாத உள்ளூர் மனிதர்களைத் தேர்ந்து ஆலோசகர்களாகப் பழக்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து ஆறு முதல் எட்டு சந்திப்புகள். 10 நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதத்தில் இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 39 சதவீதம். படிப்பு மாறியது, இடம் மாறியது, பேசும் ஆள் மாறினார். தீ மட்டும் மாறவில்லை. அதனால்தான் வெந்தது.

பெரியம்மாவுக்கு இதையே கொடுப்பதானால் எப்படி? மேற்கத்திய கையேடுகளில் உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள் என்றிருக்கும். விடியற்காலை நாலரைக்குப் பால் கறக்க எழுந்து, ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பின் உட்காரும் பெண்ணிடம் அதைச் சொன்னால், அவள் செய்யாத குற்றத்தைச் சுமத்துவதுபோல் ஆகும். எங்கள் பக்கத்தில் தனிமை ஓய்வல்ல, தண்டனை. மாசி பங்குனியில் பெண்கள் ஒரு திண்ணையில் கூடிப் புளி தட்டுவார்கள். கை கொட்டையை எடுத்துக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். நாளைக்குக் கால் மணி நேரம் அந்தத் திண்ணையில் போய் உட்காரு அத்தை, பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்பதுதான் பெரியம்மாவுக்கான மருந்துச் சீட்டு. செயல் சிறியது, நாள் குறித்தது, நாலு பேர் நடுவே நிறைவு தருவது. தீ அணையவில்லை, விறகு மட்டும் புளியமரத்து விறகு.

வீட்டுப்பாடமாக நாட்குறிப்பு எழுதச் சொல்வதும் இந்தச் சிகிச்சையில் ஒரு படி. எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? செய்த நாளுக்கு ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடலாம். வாரக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதுதான் முக்கியம், பேனா முக்கியமில்லை.

மொழிபெயர்த்தால் தீர்ந்ததா?

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. ஆங்கிலப் படிவத்தைத் தெலுங்காக்கி, அதை இன்னொருவரை விட்டு மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்து, பொருந்திவிட்டது என்று அச்சுக்கு அனுப்புகிறார்கள். அது மாவைச் சலிப்பது மட்டும்தான். இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் மொழி நிலையைப் பாருங்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ்த் துண்டறிக்கை கொடுத்தால் எழுத்து தெரியாது. தெலுங்குத் துண்டறிக்கை கொடுத்தால் வாசிப்பார்கள், ஆனால் அழுவது தமிழில். 1960-இல் எல்லை மாறித் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனபோது கோடு வரைபடத்தில் விழுந்தது. நாக்கில் விழவில்லை. ஆகவே இங்கே அச்சைவிடப் பேச்சுக்குத்தான் வேலை அதிகம்.

அதிலும் எந்தச் சொல்? தெலுங்கில் திகுலு, பெங்க, நீரசம், குண்டெ தட. தமிழில் விசாரம், படபடப்பு, அசதி, கைகால் எரிச்சல். இவை ஒன்றுக்கொன்று சரிநிகர் அல்ல. நீரசம் என்று ஒருவர் சொன்னால் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றுகிறார். அவரோ வாழ்வின் சாரமே வற்றிப்போனதைச் சொல்லியிருப்பார். மனச்சோர்வு என்று பெயர் வைத்தால், எனக்கென்ன பைத்தியமா என்று எழுந்து போய்விடுவார். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் போல எங்களுக்குப் பாகாயம். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கே இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களைக் காத்த இடம் அது. அப்படியும் ஊர் வாயில் அந்தப் பெயர் வசையாகிவிட்டது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரில் 14 பாட்டிமார்களைப் பழக்கி, சுகாதார நிலையத்து மரத்தடியில் மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். முதலில் மனநல பெஞ்சு என்று பெயர். யாரும் அண்டவில்லை. பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். தோழமை பெஞ்சு ஆனது, கூட்டம் வந்தது. நோயின் பெயரும் அவர்கள் மொழியிலிருந்தே வந்தது. ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா, அதாவது அளவுக்கு மிஞ்சி யோசித்தல். நம் ஊரில் ரொம்ப யோசனை பண்றா என்று சொல்வதேதான். 2016-இல் ஜாமா இதழில் வெளியான சோதனையில் 573 பேர் பங்கேற்றார்கள், பலன் உறுதியானது. ஒரு மருத்துவர் தன் படிப்பை ஓரமாக வைத்துப் பாட்டிகள் சொன்னதைக் கேட்டார் பாருங்கள், களிக் குவியலின் நடுவே போட்ட துளை அதுதான். மேலிருந்து கிளறினால் கட்டிதான் தட்டும்.

பெரியம்மாவிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று அப்புறம் பல நாள் யோசித்தேன். முன்ன மாதிரி வாசல்ல கோலம் போடறீங்களா அத்தை? செவ்வாய்க்கிழமை டுவாக்ரா கூட்டத்துக்குப் போறீங்களா? புளுசு வச்சா உப்பு சரியா விழுதா? டுவாக்ரா என்பது எங்கள் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழு, புளுசு என்றால் குழம்பு. மூன்றே கேள்வி. மூன்றுக்கும் இல்லை என்று சொல்லியிருப்பாள்.

யார் கை துடுப்பில்?

ஆந்திரத்திலேயே நடந்த ஒரு வேலை உண்டு. ஜார்ஜ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் பல்லப் மௌலிக்கும் அவர் குழுவும் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் பழங்குடியினர் வாழும் 30 கிராமங்களில் ஸ்மார்ட் மனநலத் திட்டத்தை நடத்தினார்கள். ஊர் ஆஷா சுகாதார ஊழியர்கள் கையில் டேப்லெட். வீடு வீடாகப் போய்க் கேட்டு, சோர்வோ பதற்றமோ தற்கொலை எண்ணமோ உள்ளவர்களைக் கண்டு, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டருக்கும் அந்தக் கருவியே வழி சொல்லும். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைத் தொலைபேசிக் குரல் நினைவூட்டும்.

எனக்குப் பிடித்தது, அவர்கள் இதற்கெல்லாம் முன்னால் செய்தது. வெட்கத்தையும் பயத்தையும் குறைக்க ஊருக்குள் நாடகம் போட்டார்கள், நோயோடு வாழ்ந்தவரே பேசும் படம் காட்டினார்கள், வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். நொய்யை வேகவைத்தார்கள். 2017-இல் வெளியான கணக்குப்படி 5,007 பேரைப் பரிசோதித்ததில் 238 பேருக்கு உதவி தேவைப்பட்டது. அவர்களில் முன்பு மனநல உதவி நாடியவர்கள் 0.8 சதவீதம். திட்டத்துக்குப் பின் 12.6 சதவீதம். குறைவுதானே என்று தோன்றலாம். இரண்டே பேர் முப்பது பேரானார்கள் என்று படித்துப் பாருங்கள். கூடவே, கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் பெரும்பாலோர் டாக்டரிடம் போகவில்லை என்பதையும் படியுங்கள். கூலியை விட்டுவிட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்து, மலையிறங்கி வர வேண்டுமே.

அதே ஆந்திரம், அதே தெலுங்கு, அப்படியே தூக்கி வந்து சித்தூரில் வைத்துவிடலாமா? கோதாவரிக்காரர் தட்டில் சோறு, ராயலசீமைக்காரர் தட்டில் சங்கடி. பேச்சின் இழுப்பு வேறு, மண்ணின் வறட்சி வேறு, கடன் வாங்கும் காரணம் வேறு. சூளூர்ப்பேட்டை, காளஹஸ்தி பக்கத்து யானாதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மீனும் கிழங்கும் விறகும் மூலிகையுமாகக் காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த பழங்குடி. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ராக்கெட் தளத்துக்கு எடுக்கப்பட்டபோது அங்கிருந்த யானாதிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் ஒருவரிடம் போய், முன்பு மனத்துக்குப் பிடித்து என்ன செய்தீர்கள், அதைத் திரும்பச் செய்யுங்கள் என்று சொல்லும் ஆலோசகருக்கு அந்தக் காடு இப்போது வேலிக்குள் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவர் வாயை மூடிக்கொண்டு முதலில் கேட்கட்டும்.

புவேர்ட்டோ ரிக்கோவின் உளவியலாளர் கியேர்மோ பெர்னால் தன் சகாக்களோடு 1995-இல் எழுதிய கட்டுரை, மாற்றக்கூடிய இடங்களாக எட்டைச் சொன்னது: மொழி, ஆள், உவமை, உள்ளடக்கம், கருத்து, இலக்கு, முறை, சூழல். நான் பார்த்த வரையில் நம் திட்டங்கள் மொழியோடு நிற்கின்றன, கொஞ்சம் துணிந்தவை ஆளை மாற்றுகின்றன. இலக்கைத் தொடுபவர்கள் அரிது. இலக்கு என்றால், இந்த மனிதருக்குக் குணமாவது என்றால் என்ன என்ற கேள்வி. மருத்துவருக்கு அது மதிப்பெண் குறைவது. பெரியம்மாவுக்கு அது மாட்டுக்குத் தண்ணி காட்ட மனசு வருவது. இரண்டில் எது வந்தால் சிகிச்சை முடிந்ததென்று சொல்வோம்? எனக்கு மாடுதான்.

இலக்கை மாற்றியதால் வென்ற கதை பாகிஸ்தானில் இருக்கிறது. ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களின் சோர்வுக்கு மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் ஒரு திட்டம் வகுத்தார். மருமகளின் மனநலம் பேச வந்திருக்கிறோம் என்றால் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிடுவார். குழந்தையின் ஆரோக்கியம் பேச வந்திருக்கிறோம் என்றார்கள். மாமியாரும் கூடவே உட்கார்ந்தார். எழுத்துக்குப் பதில் படங்கள், டாக்டருக்குப் பதில் ஊர் பெண் சுகாதார ஊழியர். உள்ளே இருந்த தீ, எண்ணத்தைத் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான். 2008-இல் வந்த முடிவில், பிரசவித்து ஆறு மாதத்தில் இந்த உதவி பெற்ற தாய்மாரில் 23 சதவீதம் பேரிடம்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. பெறாதவர்களில் 53.

காணிப்பாக்கத்துச் சத்தியம்

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். சுயம்பு விநாயகர். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு அவர் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிவு வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் வழக்கு முதல் குடி வரை அங்கே வந்து சத்தியத்தில் முடியும். இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கணவனையும் மகனையும் அழைத்துவரும் பெண்கள் எத்தனையோ பேர்.

குடிக்கான ஆலோசனை முறைகளில் தீ எது என்று பார்த்தால், குடிப்பவரே தன் வாயால் மாற வேண்டிய காரணத்தைச் சொல்வதும், நாலு பேர் அறிய உறுதி எடுப்பதும், அந்த உறுதி ஆட்டம் காணும் இடங்களுக்கு முன்கூட்டியே வழி வகுப்பதும்தான். சத்தியத்தில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிற ஆலோசகர், சமைத்து வைத்த பாதிச் சாப்பாட்டைத் தெருவில் கொட்டுகிறார்.

ஆனால் பாதி சாப்பாடு பாதிதான். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் சத்தியத்தன்று சட்டென நிறுத்தினால், முதல் ஓரிரு நாளில் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். சாமி குத்தம் என்று வீட்டார் பயந்து பூட்டி வைப்பார்கள். அது சாமி குத்தமில்லை, மது திடீரென நின்றதால் மூளை படும் பாடு. மருந்து உண்டு, மருத்துவமனையில் சமாளிக்கலாம், விட்டால் உயிர் போகும். அதனால் சரியாகத் தகவமைத்த சிகிச்சை சத்தியத்துக்கு முன்னால் ஒரு டாக்டரையும், சத்தியத்துக்குப் பின்னால் வாரம் ஒருமுறை பேச ஒரு மனிதரையும் வைக்கும். பிள்ளையார் நடுவில் இருப்பார்.

ஊர்ப் பேச்சைச் சரியான பாத்திரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நெல்லூர் மாவட்டமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்கான தெலுங்குப் பாடத்தில் சீதம்மா என்ற கிராமத்துப் பெண்ணின் கதை வந்தது. ஊர்ப் பெண்கள் கூடிச் சாராயக் கடையை மூடவைத்த கதை. தூபகுண்டாவில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் அதைத் தங்கள் கதையாகவே படித்தார்கள், எழுந்து போய்த் தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலமெங்கும் பரவி, 1993-இல் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. சட்டம் பின்னர் தளர்ந்தது உண்மைதான். ஆனால் வேறெந்தத் துண்டறிக்கையால் இதைச் செய்ய முடிந்தது?

புளிப்பும் ஊசலும்

புளித்த மாவு தோசைக்கு ஆகும், ஊசிப்போன குழம்பு எதற்கும் ஆகாது. பண்பாடு என்ற பெயரில் இரண்டையும் ஒன்றாக்குகிறவர்கள் உண்டு.

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் சேலை கட்டி வேஷம் போட்டு வருவார்கள், சிலர் மேல் அம்மன் இறங்குவாள். ஊரே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதை நோய் என்று எழுதுகிற மருத்துவருக்கு ஊர் தெரியவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயில் என்ற சிறு தலத்தில் மனநோயோடு வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் சகாக்களும் கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பெரிய மந்திரமோ சடங்கோ இல்லை. கூட ஒரு சொந்தக்காரர், காலைப் பூசை, கோயிலில் சின்னச் சின்ன வேலை, அதட்டாத மனிதர்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடி தர்காவையொட்டி மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதிக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதுவும் நம்பிக்கையின் பெயரில்தான் நடந்தது. கோயிலோ தர்காவோ, மனிதருக்கு நிழலும் துணையும் கொடுத்தால் அதைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலியும் பிரம்படியும் பட்டினியும் எந்தப் பண்பாட்டுக்கும் சொந்தமில்லை. அவற்றை அறுத்தெறிய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்வதும் இங்கிருந்தே வந்த அறிவுதான். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்திலும் சொந்தக்காரர் கூடவே தங்குவதுதான் முறை. மாத்திரை கொடுப்பது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, தூக்கம் குறைந்தால் எதைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் அங்கேயே பழகிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். செய்வினை என்று நம்பும் தாய் மாத்திரையும் கொடுப்பாள். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று அவளை நெருக்க வேண்டியதில்லை. கயிறும் கட்டிக்கொள்ளம்மா, மாத்திரையையும் நிறுத்தாதே என்று சொல்லத் தெரிந்த மருத்துவரே இந்த மண்ணுக்கு ஆனவர்.

ஈர விரல்

மாற்றியது பலித்ததா என்று எப்படித் தெரியும்? ஊர்க்காரர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள் என்பது அளவாகாது. தொட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக எழுதிய கேள்விகளை ஊரில் பத்துப் பேரிடம் கேட்டு, இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஆலோசகர் உண்மையிலேயே நாள் குறித்துச் செயல் கொடுத்தாரா, அல்லது ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டு வந்தாரா என்று கூட இருந்து பார்க்க வேண்டும். சிகிச்சை பெற்றவரையும் பெறாதவரையும் மாதங்கள் கழித்து ஒப்பிட வேண்டும். ஆறுதல் நல்லதுதான். ஆனால் ஊருக்கு ஏற்றதாக ஆக்குகிறோம் என்று தீயையே அணைத்துவிட்ட திட்டங்களும் உண்டு. அவை வாய்க்கு இதமாக இருக்கும், வயிற்றில் மாவாக நிற்கும்.

இத்தனை சிரமம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஆய்வாளர்கள் டெரெக் கிரைனரும் திமோதி ஸ்மித்தும் 2006-இல் பதில் சொன்னார்கள். தகவமைத்த சிகிச்சைகள் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கச் சிறுபான்மையினரிடம் நடந்தவை. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்குத் தாய்மொழியில் நடந்த சிகிச்சை ஆங்கிலத்தில் நடந்ததைவிட இரு மடங்கு பலன் தந்தது. ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்கென்றே வடித்தவை, எல்லாரையும் கலந்து வைத்த குழுக்களில் நடந்தவற்றைவிட நான்கு மடங்கு. இந்தியாவில் 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. மருத்துவர் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம். கிடைத்த இடத்திலும் கேள்வி புரியாமல் சுழியம் வாங்கித் திரும்புகிற பெரியம்மாக்கள் இன்னொரு காரணம்.

பெரியம்மா பிறகு தேறினாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசிய ஒரு பெண் மருத்துவர், நெஞ்சுக்குள்ள எப்படிம்மா இருக்குது என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேனாவைத் தொடாமல் காத்திருந்தார். மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டாள். டுவாக்ரா கூட்டத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அக்கா ஏற்றுக்கொண்டாள்.

திருப்பதி ருயா மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எல்லை தாண்டினால் பாகாயம் இருக்கிறது. அங்கெல்லாம் வேலை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன் நகரியிலோ சத்தியவேட்டிலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர் இருந்தால், படிக்கிற உங்களிடமும் ஒன்று: 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண். இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், காசு கிடையாது. தெலுங்கிலும் பேசுவார்கள், தமிழிலும் பேசுவார்கள்.